நீல நூல் தைத்த சாக்கு

அந்தப் போனைக் கொஞ்சம் அமத்துங்க தம்பி. கோவிச்சுக்காதீங்க. பாட்டுப் போடுங்க, சண்டைப் படம் போடுங்க, காது கிழிஞ்சாலும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். இந்த ஆள் பேசுறது மட்டும் வேண்டாம். கோட்டை மாட்டிக்கிட்டு, தாடியைச் சீவி விட்டுக்கிட்டு, பேனாவை ஆட்டி ஆட்டிப் பேசுறானே, இவன் குரலைக் கேட்டாலே எனக்கு அடிவயிறு எரியுது. கஞ்சாவை அனுமதிக்கணுமாம். எந்தெந்த நாட்டிலோ அனுமதிச்சுட்டாங்களாம். அரசாங்கத்துக்கு வரி வருமாம். வலிக்கு மருந்தாம். இவனுக்கு வயசுப் பையன் ஒருத்தன் இருக்கானா? இருந்தால் எங்க ஊருக்குக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. மருந்தை நான் காட்டுறேன்.

நத்தத்தில்தானே ஏறினீங்க? நான் அதுக்கு முந்தின ஸ்டாப். மதுரைக்குப் போறேன், கோர்ட்டுக்கு. அப்படிப் பார்க்காதீங்க, நான் ஒண்ணும் கேஸ்காரன் இல்லை. என் மகனுக்கு இன்னைக்கு வாய்தா. எங்க தரப்புச் சாட்சியை இன்னைக்குத்தான் விசாரிக்கிறாங்க. இன்னைக்குப் பிசகினால் அவன் வெளியே வர்றதுக்குப் பத்து வருஷம் ஆகும்னு வக்கீலம்மா சொல்லுது. இப்போ அவனுக்கு இருபத்திரெண்டு. பேர் கவியரசு. பேர் வைக்கும்போது என்னென்ன நினைச்சு வச்சேன், அதை விடுங்க.

முன்னாடி லேடீஸ் சீட்டில், மடியில் பெரிய பையை வச்சுக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தி உட்கார்ந்திருக்காளே, அது என் சம்சாரம். சந்தனம். அவள் பக்கத்தில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஒரு ஒல்லிப் பயல் நிக்கிறான் பாருங்க, செம்பட்டை முடி, அவன் ஜெரால்டு. என் மகனுக்குச் சிநேகிதன். அவன் மூஞ்சியைப் பார்க்கவே எனக்குப் பிடிக்காது. அவனைப் பற்றிப் பிறகு சொல்றேன். சம்சாரத்துக்கு என்னோடு பேச்சுவார்த்தை இல்லை. அவளுக்கும் அந்தப் பயலுக்கும் அவளே டிக்கெட் எடுத்துட்டாள். கண்டக்டர் என்கிட்ட வந்து, "நீங்க தனியாண்ணே?"ங்கிறான். தனிதான்னேன்.

தொழிலா? எங்க ஊர் ஒயின் ஷாப்புக்கு எதிரில் சைடு டிஷ் கடை போட்டிருக்கேன். காசிலிங்கம் கடைன்னு கேட்டால் யாரும் சொல்வாங்க. அவிச்ச முட்டை, குடல் வறுவல், வேர்க்கடலை, மிளகாய்ப் பொடி தூவின மாங்காய்க் கீத்து. எங்க பக்கத்து மாங்காய்க்கு என்ன, சொல்லணுமா? கவுருமெண்டு கடை, கவுருமெண்டு பூட்டு, கவுருமெண்டு சரக்கு. அதுக்கு எதிரில் என் கடை. அரசாங்கத்துக்கு எதிர்ச்சாரியில் இருந்தாலும் அரசாங்கத்தோடு சேர்ந்த தொழில்தானே. அதனால்தான் சொல்றேன், போதையைப் பற்றி என்கிட்ட எந்தக் கோட்டுக்காரனும் பேச வேண்டாம். பார்க்காத போதையா?

குடிக்கிறவன் நேர்மையானவன் தம்பி. சிரிக்காதீங்க. குடிச்சவன் ஊருக்கே தெரியிற மாதிரி இருப்பான். பாடுவான், கத்துவான், சண்டை போடுவான், சட்டையைக் கிழிச்சுக்குவான். என் பெஞ்சில் படுத்துக்கிட்டுப் பொண்டாட்டி பேரைச் சொல்லி அழுவான். மறுநாள் வந்து "அண்ணே, ராத்திரி ரொம்பப் பேசிட்டேனோ?"ன்னு தலையைச் சொறிவான். ரெண்டு முட்டை கூடத் தின்பான். அவன்கிட்ட ஒளிவு மறைவு இருக்கா? கஞ்சாக்காரன் அப்படி இல்லை. உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருப்பான். சுவரைப் பார்த்துச் சிரிப்பான். சத்தம் கிடையாது, சண்டை கிடையாது. எறும்பு போறதை ஒரு மணி நேரம் பார்ப்பான். அதெல்லாம் ஒரு போதையா? குடல் வறுவல் திங்க மாட்டான். ஜிலேபி இருக்கான்னு கேட்பான். நாளைக்கு இந்தக் கோட்டுக்காரன் சொல்ற மாதிரி கவுருமெண்டு கஞ்சாக் கடை திறந்தால், என் கடையில் நான் ஜிலேபிதான் சுத்தணும்.

சாவா? குடியில் சாகலையான்னு கேட்கிறீங்களா? கேட்டீங்க பார்த்தீங்களா, என் மகன் மாதிரியே கேட்கிறீங்க. செத்தாங்க. இல்லைன்னு சொன்னேனா? என் மச்சினன் சிங்கராசு, சந்தனத்துக்கு உடன்பிறந்த தம்பி, என் கடை பெஞ்சிலதான் கடைசியா உட்கார்ந்தான். ஈரல் போயிருச்சு. கடைசியாகத் தின்றதும் என் கடை முட்டைதான். அதுக்கு நான் காசுகூட வாங்கலை. அது அவன் விதி. அவன் அளவில்லாமல் குடிச்சான். நானும் கடை எடுத்து வச்சதும் கொஞ்சம் போடுவேன், எனக்கு என்ன ஆச்சு? அளவு தெரிஞ்சவனுக்கு ஒண்ணும் ஆகாது.

சரி, என் மகன் விஷயத்துக்கு வர்றேன். காலேஜ் கடைசி வருஷம். நல்லாப் படிச்ச பயல். போன மாசி மாசத்தில் இருந்து ஒரு மாதிரி ஆனான். பரீட்சைக்குப் போகலை. பகல் முழுக்கத் தூக்கம். கண்ணு சிவப்பு. கூப்பிட்டால் "ம்"னு ஒரு சத்தம் வரும், ஆள் வர மாட்டான். பொய் சொல்லலை தம்பி, பயந்துட்டேன். எங்க ஊரில் ஒரு பையன் இதை இழுத்து இழுத்து, காதுக்குள்ள யாரோ பேசுறாங்கன்னு சொல்லிக் கிணத்தில் குதிச்சான். இன்னைக்கும் இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. அவங்கப்பன் என் கடை வழியாத்தான் அவனைத் தள்ளு நாற்காலியில் தள்ளிட்டுப் போவான். இதைக் கோட்டுக்காரன் சொல்வானா? சொல்ல மாட்டான்.

ஒரு நாள் இவன் சட்டையைத் துவைக்கப் போட்டப்போ பையில் இருந்து மடிச்ச பொட்டலம் விழுந்துச்சு. மோந்து பார்த்தேன். அதேதான்.

"என்னடா இது?"

"அப்பா, சத்தம் போடாதீங்க. கொஞ்சம்தான். விட்டுருவேன்."

"கஞ்சாக்குடிக்கியாடா என் வீட்டுல பிறந்துட்டு?"

அப்போதான் அவன் அந்தக் கேள்வியைக் கேட்டான். "மாமா செத்தது எதுலப்பா? அது அரசாங்கம் வித்தா சரக்கு, இது மட்டும் விஷமா? நீங்க முட்டை அவிச்சுக் குடுக்குற கடையில விழுந்தவங்களை எண்ணிப் பாத்தீங்களா?"

அறைஞ்சேன். வேற என்ன செய்யணும்? சந்தனம் குறுக்கே வந்து விழுந்தாள். "அவன் சொல்றதுல என்னய்யா தப்பு?"ன்னாள். பாருங்க, பெத்தவளே அப்படிச் சொல்றாள். அவளுக்கு அவன் மேல ஒரு குறையும் கிடையாது. முன்னைக்கு இப்போ அம்மாகிட்ட உட்கார்ந்து பேசுறானாம், மாவு ஆட்டிக் கொடுக்கிறானாம். ஆம்பளைப் பிள்ளை மாவு ஆட்டினால் ஏதோ கோளாறுன்னு புரிய வேண்டாமா?

எங்க ஊரில் ஒரு வழக்கம் இருக்கு. பையன் தறிகெட்டுப் போனால், ஏட்டையா காதில் ஒரு வார்த்தை போட்டு வைப்போம். அவர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டு, சட்டையைக் கழட்டச் சொல்லி, ஸ்டேஷன் வராந்தாவில் உட்கார வைப்பார். ரெண்டு தட்டு. முற்றத்தைப் பெருக்கச் சொல்வார். சாயந்திரம் அப்பன் போய், "இனிமே செய்ய மாட்டான்யா"ன்னு கும்பிட்டுக் கூட்டிட்டு வரணும். அவ்வளவுதான். கேஸ் கிடையாது, பேப்பர் கிடையாது. என்னையும் என் அப்பன் அப்படிச் சேவல் சண்டைக்காக உட்கார வச்சவர்தான். நான் திருந்தலையா?

அதனால் தவமணி ஏட்டையா சாப்பிட வந்தப்போ சொன்னேன். அவர் தினமும் வருவார். தட்டில் குடல் வைக்கிறது என் மரியாதை. "ஏட்டையா, நம்ம பையன்தான். கண்மாய் மடைக்குப் பின்னாடி மத்தியானம் உக்காந்திருப்பான். ரெண்டு தட்டு தட்டி, சாயந்திரம் அனுப்பி வைங்க."

"கவலையை விடு காசி"ன்னார். "நம்ம பிள்ளை, நான் பாத்துக்கிறேன்."

நான் செஞ்சது தப்பா? சொல்லுங்க. பெத்தவன் கண்டிக்கக் கூடாதா?

மறுநாள் காலையில் ஒரு போலீஸ்காரர் கடைக்கு வந்தார். புது முகம். "அண்ணாச்சி, காலிச் சாக்கு ஒண்ணு இருக்குமா? ஸ்டேஷன்ல குப்பை கிடக்குது"ன்னார். கேட்டது போலீஸ். என்கிட்டக் கடலைச் சாக்கு எப்பவும் கிடக்கும். நல்லதாப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். சந்தனம் அந்தப் பக்கம் முட்டை உரிச்சுக்கிட்டு இருந்தாள்.

தவமணி ஏட்டையாவை அன்னைக்குத் திருவிழா பந்தோபஸ்துக்கு அனுப்பிட்டாங்க. அது எனக்குத் தெரியாது. போறதுக்கு முன்னாடி புதுசா வந்த இன்ஸ்பெக்டர்கிட்ட இடத்தைச் சொல்லிட்டுப் போயிருக்கார். அந்த வாரம் மாவட்டம் பூராவும் கஞ்சா வேட்டை. ஒவ்வொரு ஸ்டேஷனும் ஆளைக் காட்டணும், சரக்கைக் காட்டணும். அதுவும் எனக்குத் தெரியாது. எனக்கு என்ன தெரியும், சாயந்திரம் போகணும்னு தெரியும். பரோட்டா, குடல், ரெண்டு பொட்டலம் கட்டினேன். ஒண்ணு பையனுக்கு, ஒண்ணு ஸ்டேஷனுக்கு. வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டுப் போனேன்.

"அய்யா, பையனைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்."

இன்ஸ்பெக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எந்தப் பையன்?"

"கவியரசுங்கய்யா. ஏட்டையாகிட்ட நான்தான்..."

"ஓ. நீதான் அப்பனா?" சிரிச்சார். "இருபத்தி ரெண்டு கிலோய்யா. கூட்டிட்டுப் போறியா? வா, தூக்கிப் பாரு முதல்ல."

மேஜைக்குப் பக்கத்தில் ஒரு சாக்கு நின்னுச்சு. பையன் மூலையில் சட்டை இல்லாமல் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும், "அப்பா, என்கிட்ட ஒரு பொட்டலம்தான் இருந்துச்சு. அம்மா சத்தியமாப்பா"ன்னான். நான் அவனைப் பார்க்கலை. சாக்கைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

சாக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தம்பி. உலகத்தில் எத்தனை சாக்கு இருக்கு. ஓரத்தில் நீல நைலான் நூலில் தச்சிருந்துச்சு, மூலையில் ரெண்டு முடிச்சு. எங்க வீட்டில் சந்தனம் கிழிஞ்ச சாக்கை அப்படித்தான் தைப்பாள். பந்தல் கட்ட வாங்கின நூல். அதுக்காக? வேற யாரும் நீல நூலில் தைக்க மாட்டாங்களா? பரோட்டாப் பொட்டலத்தை மேஜையில் வச்சுட்டு வந்துட்டேன். ரெண்டையும்.

அதுக்கு அடுத்த வாரம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வச்சு போதை ஒழிப்பு ஊர்வலம் விட்டாங்க. எங்க கடை முக்கிலதான், ஒயின் ஷாப் வாசலில், நிழலாக இருக்கும்னு நிப்பாட்டி உறுதிமொழி எடுத்தாங்க. பிள்ளைகளுக்குத் தண்ணீர் பாக்கெட் நான்தான் கொடுத்தேன். நானும் கையை நீட்டினேன். எல்லாரையும்விட என் சத்தம்தான் பெருசு. அதே இன்ஸ்பெக்டர் என் தலையில் ஒரு தொப்பி வச்சார். "அப்பன்னா இப்படி இருக்கணும்"ன்னார். அந்தத் தொப்பி இன்னும் கடையில் தொங்குது. சந்தனம் அதைத் தூக்கி எறிஞ்சாள், நான் எடுத்து மாட்டிட்டேன். அன்னைக்கு நின்ன பேச்சுத்தான்.

ஜெரால்டு கதையைப் பிறகு சொல்றேன்னேனே. அன்னைக்கு மடைக்குப் பின்னாடி இருந்தது ரெண்டு பேர். என் மகனும் இவனும். போலீஸ் வந்தப்போ இவன் டீ வாங்கப் போயிருந்தான். அதனால் தப்பிச்சான். ஊர் என்ன சொல்லும்? இவன்தான் காட்டிக்கொடுத்துட்டான்னு சொல்லுச்சு. என் கடைக்கு வர்றவன் எல்லாம் சொன்னான். "அந்த செம்பட்டைதான்ணே." நான் மறுத்தும் பேசலை, ஆமான்னும் சொல்லலை. எச்சியைத் துப்பினேன், அவ்வளவுதான். ஒரு நாள் நாலு பேர் போய் அவன் வீட்டுச் சன்னலை உடைச்சாங்க. நல்லா வேணும்னு நினைச்சேன். ஏன்னு கேட்டால்... என் பிள்ளையைக் கெடுத்தவன்தானே அவன்? அவன் பழக்காமல் இவன் எப்படிப் பழகினான்? ஜெயிலில் மனுப் போட்டு அவனைப் பார்க்கப் போனப்போ கவியரசே கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு கேட்டான். "யாருப்பா சொன்னது? ஜெரால்டா?" சாப்பிட்டியாடான்னு கேட்டேன்.

வக்கீலம்மா ஒண்ணு வச்சிருக்கோம். சின்ன வயசு, ஸ்கூட்டியில் கடைக்கே வந்துருச்சு. குடிகாரங்களுக்கு நடுவில் நின்னுக்கிட்டு மேலேயும் கீழேயும் பார்த்துச்சு. கடலைச் சாக்கு அடுக்கி வச்சிருந்ததைப் பார்த்துச்சு. குனிஞ்சு அந்த நூலைத் தடவிப் பார்த்துச்சு.

"இது யார் தைச்சது?"

"யாரோ."

"அய்யா, கோர்ட்டுல இருக்குற சாக்கும் இதே நூல், இதே முடிச்சு. உங்ககிட்ட யாராவது சாக்கு வாங்கிட்டுப் போனாங்களா? அது ஒண்ணு நிரூபிச்சாப் போதும், கேஸ் ஆட்டம் கண்டுரும்."

"எனக்கு ஞாபகம் இல்லைம்மா."

ஞாபகம் இல்லைன்னா இல்லை. தம்பி, நீங்களே சொல்லுங்க. நான் கூண்டில் ஏறி, சாக்கு என்னுதுதான்னு சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும்? "மடைக்குப் பின்னாடி இருக்கான்னு போலீசுக்கு யார் சொன்னது?" அப்படித்தானே? அதுக்கு நான் என்ன சொல்வேன்? எதிரில் கவியரசு நின்னுக்கிட்டு இருப்பான். அப்புறம் கடை. ஏட்டையா தயவில் நடக்குது. ஸ்டேஷனை எதிர்த்துக்கிட்டு அந்த முக்கில் ஒரு முட்டை உரிக்க முடியுமா? கடை இல்லாமல் வக்கீலுக்கு யார் கொடுக்கிறது? எல்லாம் யோசிச்சுத்தான் ஞாபகம் இல்லைன்னேன். பொறுப்புள்ளவன் அப்படித்தான் யோசிப்பான்.

ஆனால் சந்தனம் முட்டை உரிச்சுக்கிட்டே கேட்டுட்டாள். கையைத் துடைச்சுக்கிட்டு வந்து வக்கீலம்மா முன்னாடி நின்னாள். "தைச்சது நான். குடுத்தது இவரு. பாத்தது நான்." மூணே பேச்சு. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கலை.

அவள் மடியில் இருக்கிற பைக்குள்ள என்ன இருக்குன்னு நினைச்சீங்க? சாப்பாடா? சாக்கு தம்பி. அவள் தைச்ச சாக்கு. ஊசி, நூல்கண்டு எல்லாம் எடுத்துக்கிட்டுப் போறாள். ஜட்ஜு கேட்டால் அங்கேயே உட்கார்ந்து தைச்சுக் காட்டுவாளாம். போலீசுக்கு எதிராக ஒரு பொம்பளை! ஜெரால்டும் சாட்சிக்கு வர்றான். நானும் மடையில் இருந்தேன், ஒரு பொட்டலம்தான் இருந்துச்சுன்னு சொல்லப் போறானாம். அப்படிச் சொன்னால் இவனையும் உள்ளே பிடிச்சுப் போடலாம்னு வக்கீலம்மா எச்சரிச்சுச்சு. அதுக்கு என்ன சொன்னான் தெரியுமா? "பரவால்லைக்கா. அவன் உள்ள இருக்கும்போது நான் வெளிய இருந்து என்ன கிழிக்கிறேன்?" அவன் வீட்டுச் சன்னலில் இன்னும் அட்டைதான் ஒட்டியிருக்கு. இவனெல்லாம் நல்லவனா? கஞ்சாக்குடிக்கி. இவன் வாயில் வர்றதைக் கோர்ட்டு நம்புமா?

நம்பிருச்சுன்னா?

நம்பிருச்சுன்னா நல்லதுதான். என் பிள்ளை வெளியே வருவான். நான் வேண்டாங்கிறேனா? ஆனால் ஒண்ணு யோசிங்க. ஜெரால்டு தானாக வந்து சாட்சி சொல்றான்னா, அவன் காட்டிக்கொடுக்கலைன்னு ஆயிரும். அப்போ யாருன்னு கேட்பாங்க. சந்தனம் கேட்பாள். இவ்வளவு நாள் அவள் அதைக் கேட்கலை. எனக்கு என்னமோ நேத்துக் காலையில் கேட்டுட்டாள்னு தோணுது. வாயால் இல்லை. அடுப்பில் முட்டைச் சட்டியை ஏத்திக்கிட்டு இருந்தேன். வந்து, சட்டியை இறக்கி வச்சுட்டுப் போயிட்டாள்.

ஐயர் பங்களா தாண்டியாச்சா? அடுத்து கோர்ட்டு ஸ்டாப்தான்.

அந்தா, எந்திரிச்சுட்டாள். பையை அவனிடம்கூடக் கொடுக்கலை பாருங்க. இப்படி நெஞ்சோடு அணைச்சுக்கிட்டு நிக்கிறாள், கவியரசு கைக்குழந்தையா இருந்தப்போ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு நின்ன மாதிரி.

"மாமா, ஸ்டாப் வந்துருச்சு. இறங்கலையா?"

கேட்டீங்களா? இவனுக்கு என்ன அக்கறை? மாமாவாம். சன்னலை உடைச்சவங்க என் கடையில் குடிச்சுட்டுத்தான் போனாங்கன்னு இவனுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே மாமாங்கிறான்.

"வர்றவங்க வருவாங்க. நீ இறங்கு ஜெரால்டு."

அது சந்தனம். குரல் கேட்டு எத்தனை நாளாச்சு. என்கிட்டச் சொல்லலை, இருந்தாலும் எனக்குத்தான் சொல்றாள்.

இல்லை தம்பி, வழி விட வேண்டாம். உட்காருங்க. நான் மாட்டுத்தாவணியில் இறங்கிக்கிறேன். கடைக்கு மிளகாய்ப் பொடி வாங்கணும், வாங்கிட்டு அப்படியே நடந்து வந்துருவேன். கூண்டுக்குக் கூப்பிட நேரமாகும். கோர்ட்டுன்னா அப்படித்தான். அதுக்குள்ள வந்துருவேன்.

கண்டக்டர் விசில் கொடுத்துட்டானா?

பார்க்கிறாளா? கொஞ்சம் எட்டிப் பார்த்துச் சொல்லுங்க. இந்தப் பக்கம் பார்க்கிறாளா? இல்லையா. ரோட்டைத் தாண்டிட்டாங்களா? சரி.

அந்தப் போனைப் போடுங்க தம்பி. அந்தக் கோட்டுக்காரனையே போடுங்க. என்னதான் சொல்றான்னு கேட்போம். இன்னும் கொஞ்சம் சத்தமாக வைங்க.